முதல் நாள் போன் வேண்டாம்: ஊர்ப் பிரச்சினையைக் குறும்படமாக்கும் இளைஞர்களுக்குச் சொல்லித்தருவது பற்றி

(ஊர் நலனுக்காக நடக்கும் வேலைகளைக் குறும்படமாக எடுக்க இளைஞர்களுக்குச் சொல்லித்தரவிருக்கும் ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், நூலகர்கள், தன்னார்வலர்கள் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு எனக்கு வாத்தியாராக இருக்கிற வயசு. அதனால் 'சொல்லித்தர வந்திருக்கிறேன்' என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் இதழியல் படித்தவள். இப்போது தகவல் துறையில் எழுதுகிறேன். அரசுத் திட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும், ஒரு நிமிட வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் போடுவதும்தான் தினசரி வேலை. ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது அந்த வேலையை வைத்து அல்ல. கல்லூரியில் படிக்கும்போது நான் எடுத்த ஒரு மோசமான குறும்படத்தை வைத்து.

மோசமான படம் என்று சொன்னாலும் அதற்குப் பரிசு கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு. 'சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஐந்து நிமிடப் படம் செய்யுங்கள்' என்று வகுப்பில் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர் பஸ் பிடித்து, கொங்குப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. ஆனால் மேட்டு வீதிக்கு மட்டும் தண்ணீர் சரியாக வருவதில்லை. காலை பத்து மணிக்கு இறங்கினோம், மாலை நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஆறு மணி நேரம்தான். அந்த வீதியில் ஒரு அக்கா நன்றாகப் பேசினார். "தண்ணி தொறந்து வுடறவரு வேணும்னே எங்க வீதிய மட்டும் அடைச்சுப்போடறாரு"ன்னு கேமராவைப் பார்த்து நேராகச் சொன்னார். எங்களுக்கு அது போதும். வில்லன் கிடைத்துவிட்டார் இல்லையா!

காலிக் குடங்களை ஸ்லோமோஷனில் எடுத்தோம். பின்னணியில் ஒரு சோக வயலின். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி. கல்லூரியில் முதல் பரிசு, ஒரு ஷீல்டு. யூடியூபில் போட்டோம், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது. ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் போனைக் கீழே வைக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்கா போன் பண்ணினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மணி, வீதியில யாரும் எங்கூடப் பேசறதில்ல. அவரு எனக்குப் பங்காளி மொற வேற. பாப்பாவ ஸ்கூல்ல 'தண்ணிக் கொடம், தண்ணிக் கொடம்'னு கூப்பிடறாங்களாம். நீ படத்த எடுத்துட்டுப் போயிட்ட. நாங்க இங்கயேதான இருக்கோணும்?"

தண்ணீர் வருதாக்கா என்று கேட்டேன். வரவில்லை.

அன்றைக்கு ராத்திரியே வீடியோவை நீக்கினேன். ஆனால் நான் நீக்கியது என் சேனலில் இருந்து மட்டும்தான். வாட்ஸ்அப்பில் போனதை யாரால் திரும்ப எடுக்க முடியும்? இன்றைக்கும் யாரோ ஒருவர் போனில் அந்த அக்காவின் முகம் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குத் திரும்பப் போனேன், கேமரா இல்லாமல். முதலில் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நான் படத்தில் வில்லனாக்கிய ஆபரேட்டரைப் பார்க்கப் போனேன். யோசித்துப் பாருங்கள், ஐந்து நிமிடப் படம் முழுக்க அவரைக் குற்றம் சொல்லியிருந்தோம், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர், "வாங்க, காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மேட்டு வீதிக்குப் பிரிகிற இடத்தில் ஒரு கேட் வால்வு. உள்ளே மரை தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு சுற்றினாலும் கால்வாசிதான் திறக்கும். மாற்றித் தரச் சொல்லி அவரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அது ஒரு காரணம். இன்னொன்று, மேட்டு வீதிக்குப் போகிற வழியில் சில வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் அங்கேயே நின்றுவிடும். அந்த வீட்டுக்காரர்கள் யார் தெரியுமா? எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "சூப்பர்மா, நல்லாக் கேட்டீங்க" என்று ஊர்க் குழுவில் கைதட்டல் போட்டவர்கள்!

ஆக, எங்கள் படத்தில் தண்ணீர் வரவில்லை என்ற ஒன்று மட்டும்தான் உண்மை. ஏன் வரவில்லை என்பது தப்பு. அதனால் யார் என்ன செய்தால் வரும் என்பதும் தப்பு. ஒரு ஊர்ப் பிரச்சினையைப் பற்றிய படத்தில் இந்த இரண்டும் தப்பானால் மிச்சம் என்ன இருக்கிறது? வயலின்தான்.

அதே ஊரில் இரண்டாவதாக ஒரு படம் எடுத்தோம். எடுத்தது நானில்லை. அந்த அக்காவின் மகளும், அதே வீதியில் இருந்த இரண்டு பையன்களும். தண்ணீர் விடுகிற நேரம் விடியற்காலை ஐந்து மணி. அந்த நேரத்துக்கு வெளியூர்க்காரியான நான் அங்கே இருக்க முடியாது, அவர்கள் இருப்பார்கள். பத்து நாள் எடுத்தார்கள். கீழ வீதியில் ஒரு குடம் நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. மேட்டு வீதியில் அதே குடத்துக்குப் பதினொரு நிமிடம். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைச் சாய்த்து வைத்து எடுத்திருந்தார்கள். அந்த யோசனை முழுக்க அந்தப் பொண்ணுடையது, எனக்கு அதில் பங்கு கிடையாது. மொத்தம் மூன்று நிமிடம். யார் முகமும் இல்லை. ஆபரேட்டர் வால்வைத் திருப்புகிற கை இருக்கிறது, அவர் குரல் இருக்கிறது.

படம் முடிந்ததும் அதை முதலில் ஆபரேட்டர் வீட்டுத் திண்ணையில் வைத்து அவருக்குக் காட்டினார்கள். தன் சம்பளம் பற்றி அவர் சொன்ன ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள். பிறகு வீதியில், ஒரு அண்ணனுடைய அரசு லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். ஒரு வீட்டுக்காரர், மோட்டார் தெரிவது பரவாயில்லை, என் வீட்டுக் கேட் தெரியக் கூடாது என்றார். அந்த ஷாட்டைக் கொஞ்சம் வெட்டினார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டில் மோட்டாரையே கழற்றிவிட்டார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் படத்தைக் காட்டினார்கள், வால்வை மாற்றுவதாகத் தீர்மானம் எழுதப்பட்டது. அதன் பிறகும் ஏழு வாரம் ஆனது. நடுவில் அக்கா இரண்டு மனு கொடுத்தார். படம்தான் வால்வை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். எதை மாற்ற வேண்டும் என்பதை ஊர் ஒத்துக்கொள்ள அந்தப் படம் உதவியது, அவ்வளவுதான். அந்தப் படத்தை அவர்கள் யூடியூபில் போடவே இல்லை. பார்த்தவர்கள் இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம், நீங்கள் சொல்லித்தரப்போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் படம் எடுக்கத் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். ரீல்ஸில் அவர்கள் செய்கிற எடிட்டிங்கைப் பார்த்து நான் கற்றுக்கொள்கிறேன். அவர்களுக்குத் தெரியாதது வேறு. இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும் என்ற கேள்வி. அதை அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'எல்லாரும் பார்க்கணும்' என்பார்கள். எல்லாரும் என்று ஒரு ஆள் கிடையாது. வால்வை மாற்ற உத்தரவு போடுகிறவர் ஒருத்தர், மோட்டாரைக் கழற்ற வேண்டியவர்கள் நாலு வீட்டுக்காரர்கள். இவர்கள்தான் அந்தப் படத்துக்குப் பார்வையாளர்கள். முதல் நாளே அந்தப் பட்டியலைப் பிள்ளைகளை ஒரு பேப்பரில் எழுத வையுங்கள். எழுத முடியவில்லை என்றால் பிரச்சினை இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், இன்னும் ரெண்டு நாள் சுற்றிவிட்டு வரட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1967-லேயே கனடாவில் செய்திருக்கிறார்கள், அதுவும் ஒரு அரசு நிறுவனம் செய்தது. நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஃபோகோ என்று ஒரு தீவு. சின்னச் சின்ன மீனவ ஊர்கள். மீன்பிடித் தொழில் நொடித்துப்போயிருந்தது. மக்களை அங்கிருந்து வேறு இடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாம் என்ற திட்டம் அரசிடம் இருந்தது. அந்த நேரத்தில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் இருந்து காலின் லோ என்ற இயக்குநர், அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தத் தீவுக்குப் போனார். வழக்கமாக என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய ஆவணப்படமாக்கித் தலைநகரில் திரையிடுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒருத்தர் பேசுவது ஒரு படம், ஒரு கூட்டம் நடப்பது ஒரு படம், ஒரு கல்யாணம் ஒரு படம் என்று இருபதுக்கும் மேற்பட்ட சின்னப் படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் அந்தந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை வெளியே காட்டுவதில்லை என்று ஒப்பந்தம்.

தீவுக்குள் ஊருக்கு ஊர் திரையிட்டபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதுவரை ஒரு ஊர்க்காரர்களோடு இன்னொரு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசியது குறைவு. திரையில் பார்க்கும்போது, 'அட, நம்ம சொல்றதையேதான் அவங்களும் சொல்றாங்க' என்று தெரிகிறது. அதற்குப் பிறகு படங்கள் அரசுக்குப் போயின. மீன்வளத் துறை அமைச்சர் தன் பதிலைக் கேமரா முன்னால் சொன்னார். அந்தப் பதிலும் திரும்பத் தீவுக்குப் போய் மக்களுக்குக் காட்டப்பட்டது. தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், குடிபெயராமல் அங்கேயே இருந்தார்கள். படம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு முன்னேற்றக் குழு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் எழுந்து நிற்காத ஊரில் படம் வந்து எதுவும் செய்துவிடாது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் அந்த அமைச்சரின் பதில் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். நம் பிள்ளைகள் எடுக்கிற படங்களில் அதிகாரி என்றால் மூடிய கதவு, காலி நாற்காலி. உண்மையிலேயே நாற்காலி காலியாக இருந்தால் எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் ஊராட்சிச் செயலரிடமோ பொறியாளரிடமோ நேரம் கேட்டு, போய் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதிலை வாங்க வேண்டும். பதில் சொல்ல மறுத்தால், எந்தத் தேதியில் கேட்டோம் என்பதைப் படத்தில் சொல்லலாம். அது நியாயம். கேட்காமலே 'பதில் இல்லை' என்று போடுவது நியாயம் இல்லை.

அடுத்து, கேமராவை எங்கே வைப்பது என்ற விஷயம். இதைச் சினிமாப் புத்தகத்தில் இருந்து சொல்லித்தராதீர்கள். வேறொரு மாநிலத்தில் இதைவிட நல்ல பாடம் இருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊரில் டெக்கான் வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே தலித் விவசாயப் பெண்கள் பல வருடங்களாக வீடியோ எடுக்கிறார்கள். அதில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறுதானியம், விதை, பி.டி. பருத்தியால் வாரங்கல் விவசாயிகளுக்கு நடந்தது என்று அவர்கள் எடுத்த படங்கள் வெளிநாடுவரை போயிருக்கின்றன.

ஹை ஆங்கிள், லோ ஆங்கிள் என்ற சொற்களை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. மேலிருந்து கீழே பார்க்கிற ஷாட்டுக்குப் 'பட்டேல் ஷாட்' என்று பெயர் வைத்தார்கள். நிலச்சுவான்தார் கூலிக்காரரைப் பார்க்கிற பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற ஷாட்டுக்கு அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக வைத்தால் 'சங்கம் ஷாட்'. அவர்களுடைய பெண்கள் சங்கத்தில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், அங்கே யார் கண்ணும் யாருக்கும் மேலே இல்லை. இந்த மூன்று பெயரைச் சொன்னால் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே புரிகிறது. நம் பிள்ளைகள் எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பாட்டி மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பையன் நின்றுகொண்டே போனைச் சாய்த்துப் பேட்டி எடுப்பான். பட்டேல் ஷாட்! உட்காருடா என்று சொன்னால் போதும். உட்கார்ந்தால் ஷாட் மட்டும் மாறுவதில்லை, பாட்டி பேசுகிற விதமும் மாறிவிடும்.

எதை எடுப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளை அப்படியே விட்டால் இரண்டு வகைப் படம்தான் வரும். முதல் வகையில் ஒருத்தன் பிளாஸ்டிக் கவரை ரோட்டில் போடுவான், நண்பன் வந்து அறிவுரை சொல்வான், அவன் திருந்துவான், ஒரு பொன்மொழி வரும், முடிந்தது. நான் பார்த்த பள்ளிக் குறும்படங்களில் முக்கால்வாசி இதுதான். இரண்டாவது வகை, குறை சொல்கிற படம், அதாவது என் முதல் படம். இரண்டிலும் காணாமல்போவது ஊர் மக்கள் சேர்ந்து செய்கிற வேலை.

கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019-ல், பேராவூரணி பெரிய ஏரியை அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து தூர்வாரினார்கள். செய்தியாகப் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு வேலை நம் ஊரில் நடந்தால் பிள்ளைகள் எதை எடுப்பார்கள்? பொக்லைன் மண் அள்ளுவதை. இப்போது ட்ரோன் வேறு வந்துவிட்டது, யாராவது ஒரு அண்ணன் கொண்டுவந்துவிடுவார். பொக்லைன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் மண் அள்ளும். அது வருவதற்கு முன்னால் நடந்ததுதான் அந்த ஊருக்கே உரிய கதை. முதல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், வசூல் நோட்டை யார் எழுதினார், ஐம்பது ரூபாய் கொடுத்த பாட்டி யார், அனுமதிக் கடிதத்துக்கு எத்தனை முறை அலைந்தார்கள், கரையில் ஆக்கிரமித்திருந்தவரிடம் யார் போய்ப் பேசினார்கள். ஊர் வேலை என்பது பெரும்பாலும் உட்கார்ந்து பேசுவதும் காத்திருப்பதும்தான். பார்க்க அவ்வளவு சுவாரசியமாக இருக்காது. ஆனால் இன்னொரு ஊர்க்காரர் அதைப் பார்த்து 'இப்படித்தான் ஆரம்பிக்கணும் போல' என்று தெரிந்துகொள்வது அந்தப் பகுதியில் இருந்துதான். அந்த வசூல் நோட்டை ஒரு குளோசப் எடுக்கச் சொல்லுங்கள். கணக்கைத் திறந்து காட்டுகிற ஊர் என்றால் பார்க்கிறவருக்குத் தனி மரியாதை வரும்.

இனி அனுமதி. இதில் நான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

'எடுத்துக்கலாமா' என்று கேட்டு, அவர் தலையாட்டினால் அது அனுமதி இல்லை. மைக்கை நீட்டினால் நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கூச்சப்பட்டுச் சரி என்பார்கள். இந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், யூடியூபில் வருமா வராதா என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். எடுத்து முடித்து, எடிட் செய்து, அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டாவது முறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பையன்கள் முகம் வாடும். 'மிஸ், அதுதான் பெஸ்ட் ஷாட்' என்பார்கள். எனக்கும் அந்த அக்காதான் பெஸ்ட் ஷாட்டாக இருந்தார்.

முகம் காட்டாமலும் படம் செய்யலாம். கை, நிழல், கதவு, செருப்பு, குரல். ஊருக்குள் குரலே அடையாளம்தான் என்பதால் தேவைப்பட்டால் வேறொருத்தர் குரலில் சொல்ல வைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை படத்தில் வந்தால் அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும், பெற்றோரிடமும் கேட்க வேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை பற்றிய எதையும் மாணவர் படத்துக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆர்வக்கோளாறில் ஒரு மாணவன் அதில் மாட்டிக்கொண்டால் பொறுப்பு நம்முடையது. படம் எடுக்கப்போன இடத்தில் அப்படி ஒரு விஷயம் காதில் விழுந்தால் உடனே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும், நீங்கள் 1098-க்கு அழைக்க வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தொழில்நுட்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அதற்கு நூறு வீடியோ இருக்கிறது. லென்ஸைத் துணியால் துடைக்க வேண்டும். சிரிக்காதீர்கள், மங்கலான படத்துக்குப் பாதிக் காரணம் சட்டைப் பையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்குதான். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் மைக் இருக்கிற சாதாரண வயர் இயர்போனைச் சட்டைக் காலரில் குத்தினாலே போதும், பேட்டி எடுக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் மனசுக்குள் பத்து எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். எடிட்டிங்குக்கு இன்ஷாட், கைன்மாஸ்டர் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். சினிமாப் பாட்டுப் போடக் கூடாது, உரிமை பிரச்சினை வரும். எடுத்த மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், 'இதை வெட்டி ஒட்டிட்டீங்க' என்று யாராவது சொன்னால் அதுதான் சாட்சி. மூன்று நிமிடத்துக்கு மேல் போக விடாதீர்கள். மனு வாங்குகிற அதிகாரியும் சரி, கிராம சபையில் வெயிலில் நிற்கிறவரும் சரி, அவ்வளவுதான் பொறுமையாகப் பார்ப்பார்.

படம் முடிந்த பிறகு அதை எங்கே கொண்டுபோவது? இங்கேதான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். யூடியூபில் போட்டாயிற்று, லிங்க் அனுப்பியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். லிங்க்குக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு எண் கிடையாது. மனுவுக்கு உண்டு. அதனால் படத்தோடு ஒரு பக்க மனுவும் சேர்ந்தே தயாராக வேண்டும். கிராமம் என்றால் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். தலைவரிடம் முன்கூட்டியே பேசி மூன்று நிமிடம் கேட்டு வையுங்கள். கிராம சபைக்கு உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான். அதனால் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த படமாக இருந்தாலும், தீர்மானம் கேட்க அந்த வீதிப் பெரியவர்கள் யாராவது எழுந்து பேச வேண்டும். பேசுவதாக முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். நகரம் என்றால் உங்கள் வார்டின் பகுதி சபை.

அது போக, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. 1100 என்ற முதலமைச்சர் உதவி மையம் இருக்கிறது. 'முதல்வரின் முகவரி' இணையதளத்தில் போனிலேயே மனுப் போடலாம். எதில் போட்டாலும் மனு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும், நிலை என்ன என்று தேதி போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நிதி ஒதுக்கினார்கள், வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு இருக்கிறது என்பது மாதிரி விவரம் தேவைப்பட்டால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் கடிதத்தையே படத்தில் காட்டலாம். ஒரு மாணவனுக்கு இதை விண்ணப்பிக்கக் கற்றுக்கொடுத்தால், படம் நன்றாக வராவிட்டாலும் அவனுக்கு ஒன்று மிச்சம்.

நேற்று ஒரு ஆசிரியர் போனில் கேட்டார். "இதையெல்லாம் பசங்க பண்ணினா ஊர்ல பகை வராதாம்மா? பெத்தவங்க எங்ககிட்ட சண்டைக்கு வருவாங்களே?" வரலாம். வராது என்று நான் உறுதி தர முடியாது. அதனால்தான் பிள்ளைகள் தங்கள் சொந்த வீதியில் ஆரம்பிக்கட்டும், தனியாக இல்லாமல் நாலு பேராகப் போகட்டும், யாரைக் குறை சொல்கிறோமோ அவரிடம் முதலில் பேசட்டும் என்கிறேன். மணல், சாராயம், அடிதடி மாதிரி விஷயங்களைப் பதினைந்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அது போலீசுக்கும் பத்திரிகைக்கும் உள்ள வேலை. பிள்ளைகளுக்கு எரியாத தெருவிளக்கு இருக்கிறது, மழைக்கு ஒழுகும் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது, பஸ் நிற்காமல் போகிற நிறுத்தம் இருக்கிறது. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்த நிறுத்தத்தில் தினமும் ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த அக்கா இப்போதும் எப்போதாவது போன் பண்ணுவார். அவருடைய பொண்ணு இப்போது கல்லூரியில் படிக்கிறாள். காட்சித் தொடர்பியல் இல்லை, நர்சிங். போன மாதம்கூட ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் விடுதியில் தண்ணீர் வராத குழாய், பக்கத்தில் சாய்த்து வைத்த கடிகாரம். வார்டனுக்குக் காட்டிவிட்டுத்தான் எனக்கு அனுப்பினாளாம்.

சரி, பேசினது போதும். இப்போது இருபது நிமிடம் ஒரு பயிற்சி. எல்லாரும் போனை இந்த மேஜை மேல் வைத்துவிடுங்கள். சார், நீங்களும்தான். வெளியே போய், இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒருத்தரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். வாட்ச்மேன் ஐயா இருக்கிறார், கூட்டிப் பெருக்குகிற அக்கா இருக்கிறார், வாசலில் டீக்கடை அண்ணன் இருக்கிறார். இந்த இடத்தில் எது சரியில்லை, யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன சொன்னார் என்று மூன்றே கேள்வி. திரும்பி வந்ததும், அந்தப் படத்தை யாருக்குக் காட்டுவீர்கள் என்று ஆளுக்கொரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு போனைத் திருப்பித் தருகிறேன்.